வேலிக்கு அப்பால் நின்ற க்ராப் அப்பிள்

நர்சரி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கப்போகும் கேள்வி ஒன்று உண்டு. சின்ன வளவு, ஒரு அப்பிள் மரம்தான் வைக்கலாம், எதை வைக்கலாம்? உடனே வரிசையில் நிற்கும் மரங்களைக் காட்டி, இது சமையலுக்கு, இது பச்சையாகச் சாப்பிட, இது முந்திப் பழுக்கும் என்று சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். பக்கத்து வீடுகளில் என்ன மரம் நிற்கிறது என்று முதலில் கேளுங்கள். தெரியாது என்றால் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். விற்பனை ஒரு நாள் பிந்தும். பரவாயில்லை.

நான் இதைக் கேட்கத் தொடங்கியது எழுபதுகளின் நடுப்பகுதியில். அதற்கு முன் கேட்காமல் விட்ட ஒரு தடவையைப் பற்றியே இப்போது எழுதுகிறேன்.

மெல்பேர்னுக்கு வருவதற்கு முன் கொழும்பில் ஒரு பத்திரிகையில் எட்டு வருடம் நீதிமன்றச் செய்தியாளனாக இருந்தேன். இங்குள்ள பத்திரிகை அலுவலகங்கள் என் விண்ணப்பங்களுக்கு மரியாதையாகப் பதில் எழுதின, வேலை தரவில்லை. நகரின் கிழக்கே, பழைய பழத்தோட்டங்களை வெட்டி வீட்டுக் காணிகளாக்கிக்கொண்டிருந்த பகுதியில், ஒரு நர்சரி முதலாளி என்னைச் சேர்த்துக்கொண்டார். எனக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆனால் நான் எதையும் குறித்து வைப்பேன், குறித்ததை மறக்கமாட்டேன். இரண்டு வருடத்தில் பழமரங்களின் பொறுப்பு என்னிடம் வந்தது.

வேலை பிடித்திருந்தது. அதை வெளியே சொல்வதற்குத்தான் வெட்கம். அந்தக் காலத்தில் இங்கே தமிழ்க் குடும்பங்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன. பெரும்பாலும் டொக்டர்மார், எஞ்சினியர்மார். என் மனைவி யாராவது கேட்டால் "ஒரு கொம்பனியில இருக்கிறார்" என்று சொல்லிவைப்பாள். நான் அவளைத் திருத்தவில்லை. ஒன்றுகூடல்களுக்கு அழைப்பு வந்தால் ஏதாவது காரணம் சொல்லி நின்றுவிடுவேன்.

இங்கே குளிர்காலமான ஒரு யூலை மாதம், வேரோடு தோண்டிய அப்பிள் மரங்களைச் சாக்கில் சுற்றி விற்கும் பருவத்தில், மிஸிஸ் ஹால் என்ற பெண்மணி கடைக்கு வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். ஒரு பாடசாலையின் சமையற்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மரம் வாங்க வரவில்லை. தன் வீட்டுப் பின்வளவில் நிற்கும் அப்பிளை யாராவது வந்து பார்க்க வேண்டும் என்றார். அந்த வீட்டுக்கு அவர் வந்து இருபத்திரண்டு வருடம். முதல் இருபது வருடமும் அந்த மரம் காய்த்துக் கொட்டியது. போன பருவத்துக்கு முந்தின பருவம் ஐந்தாறு காய்தான். போன பருவம் ஒன்றும் இல்லை.

முதலாளி நடுகை வேலைகளுக்காக வெளியே போயிருந்தார். நானே பின்னேரம் வருவதாகச் சொன்னேன்.

போனபோது மிஸிஸ் ஹால் விஷயத்தை முழுதாகச் சொன்னார். அவருடைய மகனுக்கு வளவின் பின்பாதியைப் பிரித்து விற்க விருப்பம். வாங்குபவர் அங்கே இன்னொரு வீடு கட்டுவார். அம்மாவுக்கு இவ்வளவு பெரிய வளவு எதற்கு என்பது மகனுடைய கேள்வி. "எனக்கு விருப்பமில்லை என்பது அவனுக்கு ஒரு காரணமாகத் தெரியவில்லை" என்றார் மிஸிஸ் ஹால். "ஆனால் மரத்தை அவனும் மதிப்பான். அதில் ஏறித்தான் வளர்ந்தவன். மரம் காய்க்கும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னால் இனிமேல் கேட்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். இல்லையென்றால் நான் கையெழுத்து வைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்."

ஆகவே கேள்வி மரத்தைப் பற்றியது மட்டுமல்ல என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

மரத்தைச் சுற்றி வந்தேன். அது கிரேவன்ஸ்டீன் என்ற பழைய இனம். பழத்தோட்டக் காலத்தில் நட்டது. அந்தத் தோட்டத்தில் மிஞ்சிய ஒரே மரம். அடிமரத்தில் முழங்கை நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. தட்டிப் பார்த்தேன், உள்ளே வெறுமையாக ஒலித்தது. பசளை போட்டாரா, கொப்பு வெட்டினாரா, மருந்து அடித்தாரா, தண்ணீர் தேங்குமா என்று வரிசையாகக் கேட்டேன். எதிலும் மாற்றம் இல்லை. பூத்ததா என்று கேட்டேன். நன்றாகப் பூத்தது, பூ உதிர்ந்தது, காய் பிடிக்கவில்லை என்றார்.

இந்த இடத்தில் நீங்கள் நிறுத்தி யோசித்திருப்பீர்கள். கிரேவன்ஸ்டீன் தன் பூவின் மகரந்தத்தால் தானே காய்க்காது. வேறு அப்பிள் ஒன்றின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவர வேண்டும். அது எனக்கும் தெரியும். அக்கம்பக்கத்தில் வேறு அப்பிள் நிற்கிறதா என்று கேட்டேன். தான் வந்த நாளிலிருந்து இது ஒன்றுதான் என்றார். அப்படியானால் இருபது வருடம் இது எப்படிக் காய்த்தது? அந்தக் கேள்வி என் வாய் வரைக்கும் வந்தது. அதைக் கேட்டிருந்தால் நான் வேலி ஓரம் போய் அடுத்த வளவைப் பார்த்திருக்க வேண்டும்.

வேலி நான் நின்ற இடத்திலிருந்து பத்தடி. தோள் உயரப் பலகை வேலி. அதற்கு மேலாக, அடுத்த வளவின் கொடியில் ஒரு சேலை காய்ந்துகொண்டிருந்தது. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. மிஸிஸ் ஹால் என் பார்வையைக் கவனித்துவிட்டு, அவர்கள் உங்கள் நாட்டுப் பக்கத்து ஆட்கள், கணவர் டொக்டர், இரண்டரை வருடத்துக்கு முன் வந்தார்கள், அந்தப் பெண் மிக நல்லவள், பொரித்த பலகாரம் கொண்டுவந்து தருவாள் என்றார். கூப்பிட்டு அறிமுகப்படுத்தட்டுமா என்றும் கேட்டார்.

என் காலில் சேறு படிந்த சப்பாத்து. உடம்பில் நர்சரியின் பெயர் எழுதிய ஏப்ரன். நகத்துக்குள் மண்.

நேரமில்லை என்றேன்.

வேலிக்கு அப்பால், அதன் ஓரமாக ஒரு சிறிய மரம் நிற்பதைக் கண்டேன். துணிக்கொடிக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று யாரோ கொப்புகளைக் குறைத்திருந்தார்கள். யூலையில் இலையில்லாத எந்த மரமும் தூரத்திலிருந்து ஒரு கட்டுச் சுள்ளிதான். இன்னது என்று சொல்ல மொட்டைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அது என்ன மரம் என்று இருந்த இடத்திலிருந்தே கேட்டேன். சும்மா பூமரம், வசந்தத்தில் வெள்ளையாகப் பூக்கும் என்றார் மிஸிஸ் ஹால். செரி மரமாக இருக்கலாம், பிளம்ஸ் மரமாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மரத்துக்கும் எனக்கும் இடையில் இருந்த தூரம் நான்கு எட்டு. நான் அதை நடக்கவில்லை.

பிறகு மிஸிஸ் ஹால் மகனுக்குக் காட்ட ஒரு குறிப்பு எழுதித் தரக் கேட்டார். குசினி மேசையில், கதிரையில் உட்கார்ந்து, நர்சரியின் கடிதத்தாளில் எழுதினேன். பொந்தைப் பற்றி ஒரு வரி. மரத்தின் வயதைப் பற்றி ஒரு வரி. "இம்மரம் காய்க்கும் காலத்தைக் கடந்துவிட்டது" என்று முடித்தேன். தெளிவான ஆங்கிலத்தில், ஒரு சொல்கூட மிகையில்லாமல் எழுதினேன். இந்த நாட்டில் நான் எழுதியதை ஒருவர் நம்பி ஒரு முடிவு எடுத்தது அதுவே முதல் தடவை. அன்று அந்த வாக்கியத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கொழும்பில், ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டு நாங்கள் எழுதிய செய்தியை என் செய்தி ஆசிரியர் கிழித்துக் கூடையில் போடுவார். அவர் இதைப் பார்த்திருந்தால் இதற்கும் அதே கதிதான்.

பொந்து விழுந்த அப்பிள் மரங்கள் வருடக்கணக்காகக் காய்க்கும் என்பதைப் பிறகு பல இடங்களில் பார்த்தேன். அன்றைக்கு அது ஒரு வசதியான காரணம்.

ஓகஸ்டில் மரத்தை வெட்டிவிட்டதாக மிஸிஸ் ஹால் கடைக்கு வந்து சொன்னார். மகன் நல்லவன், விறகை எல்லாம் அடுக்கித் தந்தான் என்றார். ஒரு சட்டி ரோசா வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வருடம் நவராத்திரிக்கு என் மனைவி பிடிவாதமாக நின்றாள். கோயில் இல்லாத காலம். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில் கும்பம் வைத்துப் பாட்டுப் பாடுவார்கள். ஒன்பது நாளில் ஒரு நாளாவது வராவிட்டால் சனம் எங்களைச் செத்துப்போனோம் என்று நினைக்கும் என்றாள். போனோம். தெருவுக்குள் கார் திரும்பியபோதுதான் எனக்கு இடம் விளங்கியது. மிஸிஸ் ஹாலின் வீட்டைத் தாண்டி, அடுத்த வீட்டு வாசலில் நிறுத்தினோம்.

வீட்டுக்கார அம்மாவின் பெயர் யோகேஸ்வரி. எல்லோருக்கும் யோகமக்கா. சாமி அறை என்று தனியாக இல்லை. முன்னறையில் புத்தக அலுமாரியின் ஒரு தட்டைக் காலியாக்கிப் படங்களை வைத்திருந்தார். கும்பத்தைச் சுற்றியும் படங்களிலும் வெள்ளைப் பூ. பித்தளைத் தட்டத்தில் குவியலாக இன்னும் இருந்தது. எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்து அருச்சனைக்குப் போடச் சொன்னார்கள். என் கைக்கும் ஒரு பிடி வந்தது.

ஐந்து இதழ். வெளிப்புறத்தில் இளஞ்சிவப்பு ஓடியிருந்தது. நடுவில் மஞ்சள் மகரந்தப்பைகள், இன்னும் வெடிக்காமல். ஒரு கொத்தில் ஐந்தாறு பூ, நீண்ட காம்பு. இதை நான் தினமும் கையில் எடுக்கிறவன். க்ராப் அப்பிள். சிலர் காட்டு அப்பிள் என்பார்கள். நெல்லிக்காய் அளவில் புளிப்பாகக் காய்க்கும். பழத்துக்காக அதை வாங்குபவர் குறைவு. பக்கத்தில் நிற்கும் பெரிய அப்பிள்களுக்கு மகரந்தம் தருவதற்காகவே பழைய தோட்டக்காரர்கள் வரிசைக்கு ஒன்றாக நடுவார்கள்.

பாட்டு முடிந்து, கடலையும் அவலும் கொடுக்கும்போது யோகமக்காவிடம் பூ எங்கே வாங்கினது என்று கேட்டேன்.

"வாங்கிறதோ? இஞ்ச பூ விக்கிற விலைக்கு ஆர் வாங்கிறது. பின்னால நிக்குது தம்பி ஒரு மரம். காய் வாயில வைக்கேலாது, ஒரே புளி. பூவெண்டாலும் சாமிக்கு ஆகட்டும் எண்டு ஆயிறனான். ஒன்பது நாளும் நாலு வீட்டுக்கு இதுதான் போகுது."

"எல்லாப் பூவையுமோ அக்கா?"

"பின்ன? விடிய ஆறு மணிக்கே ஆஞ்சுபோடுவன். வண்டு தொட்ட பூவைச் சாமிக்கு வைக்கிறேல்லையெல்லே."

எங்கள் வீடுகளிலும் அப்படித்தான். வண்டு மொய்க்க முன் ஆய்ந்த பூவே பூசைக்குச் சிறந்தது. மெல்பேர்னின் வசந்தத்தில் வெயில் ஏறிப் பத்து மணியாகும்வரை தேனீ கூட்டைவிட்டுப் புறப்படாது. நவராத்திரியும் அப்பிள் பூக்கும் நாட்களும் இங்கே ஒன்றாக வரும். தேனீ புறப்படுவதற்குள் வேலியின் இந்தப் பக்கம் மரம் வெறுமையாகிவிடும். அந்தப் பக்கம் பழைய கிரேவன்ஸ்டீன் பூத்துக் காத்திருந்திருக்கும்.

யோகமக்காவின் கணவர் டொக்டர் பக்கத்தில் நின்றார். பூவைப் பற்றி ஏன் விசாரிக்கிறேன் என்று கேட்டார். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடமாகப் பயம். "நான் நர்சரியில வேலை. மரம் விக்கிறனான்" என்றேன். என் மனைவி தட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டொக்டரின் முகம் மலர்ந்தது. "அட, முந்தியே சொல்லியிருக்கலாமே. எங்கட தேசிக்காய் மரம் இலை சுருண்டு போய் நிக்குது. நான் ஆரைக் கேக்கிறது எண்டு தெரியாமல் நிக்கிறன். வாங்கோ, வந்து ஒருக்கால் பாருங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பின்னால் இன்னும் இரண்டு பேர், தங்கள் வீட்டு ரோசாவையும் கறிவேப்பிலையையும் பற்றிக் கேட்டபடி வந்தார்கள். இத்தனை வருடமாக நான் மறைத்துவைத்த விஷயத்தின் மதிப்பு அவ்வளவுதான்.

பின்வளவில் தேசிக்காய் மரத்தைப் பார்த்தேன். ஏதோ சொன்னேன். க்ராப் அப்பிள் வேலி ஓரத்தில் நின்றது. இலை துளிர்த்திருந்தது, ஒரு பூ இல்லை. வேலிக்கு அப்பால் கிரேவன்ஸ்டீன் நின்ற இடத்தில் செங்கல் சுவர், கூரை மட்டம் வரை வந்திருந்தது.

வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அறியாமை உங்களைக் கெடுப்பதைவிட, கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்ததைக் கேட்காமல் விடவைக்கும் கூச்சம் அதிகம் கெடுக்கும். எனக்கு இனம் தெரியும், மகரந்தம் தெரியும், என்ன மாறியது என்று கேட்க வேண்டும் என்பதும் தெரியும். மண்ணையும் நீரையும் மருந்தையும் பற்றிக் கேட்டேன். அயலில் யார் வந்தார்கள், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்கவில்லை. இரண்டரை வருடம் என்று மிஸிஸ் ஹால் தன் வாயால் சொன்னார். காய் குறைந்த கணக்கும் அதேதான். ஒரு நீதிமன்றச் செய்தியாளனுக்கு முன்னால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் மிஸிஸ் ஹாலிடம் போனேன். முதலாளியிடம் சொன்னபோது, போய் என்ன ஆகப்போகிறது, வெட்டிய மரம் முளைக்காது, எங்கள் கடைக்கும் பெயர் கெடும் என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் கையெழுத்து என்னுடையது.

குசினியில் பகலிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புதிய சுவர் யன்னலை மறைத்துவிட்டது. தேநீர் ஊற்றினார். நான் தேநீரைத் தொடுவதற்கு முன் சொல்லிமுடித்தேன். மரத்தில் பிழை எதுவும் இருக்கவில்லை, அது பழுதில்லாத மரம், நான் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை, நான் எழுதியது பொய் என்றேன். பூசையைப் பற்றியும் விடியப் பூ ஆய்வதைப் பற்றியும் விளக்கினேன்.

அவர் கரண்டியால் தேநீரைக் கலக்கினார். சீனி போடவில்லை என்பதைக் கவனித்தேன்.

"ஆய்வது எனக்குத் தெரியும்" என்றார். "யன்னலால் பார்ப்பேன். இருட்டோடு வருவாள், தலை குளித்த ஈரத்தோடு. முதல் வருடம் கைக்கு எட்டியதைத்தான் ஆய்ந்தாள். மேலே உள்ளதை எட்டி எட்டிப் பார்ப்பாள், பாவமாக இருந்தது. அடுத்த வருடம் என்னுடைய ஏணியை நானே வேலிக்கு மேலால் தூக்கிக் கொடுத்தேன். இன்னமும் அங்கேதான் இருக்கிறது."

எனக்குக் கணக்கு விளங்கியது. முதல் வருடம் ஐந்தாறு காய், இரண்டாம் வருடம் ஒன்றும் இல்லை.

"இதை அவளுக்குச் சொல்ல வேண்டாம்" என்றார் மிஸிஸ் ஹால். அவள் அறிந்தால் பிறகு இந்தப் பக்கம் முகம் காட்டமாட்டாள், எனக்கு இப்போது வந்துபோகிறவள் அவள் ஒருத்திதான் என்றார். நான் ஒப்புக்கொண்டேன். இருவரும் இப்போது இல்லை என்பதால்தான் இதை எழுத முடிகிறது.

மகனைத் திட்டுவார், என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து, குடிக்காத தேநீரைத் தொட்டியில் ஊற்றினார். முதுகை எனக்குக் காட்டியபடி, அந்தச் சின்ன மரத்தில் எவ்வளவு பூவை விட்டிருந்தால் போதும் என்று கேட்டார்.

தோட்டக்காரர்கள் வேறு அப்பிளின் பூத்த கிளை ஒன்றை வெட்டித் தண்ணீர் வாளியில் வைத்து மரத்தில் தொங்கவிட்டே காய்க்கவைப்பதை நான் கண்ணால் கண்டவன். வேறு பதில் சொல்ல வழியிருக்கவில்லை.

"ஒரு கிளை" என்றேன்.

"ஒரு கிளைதானா" என்றார். "கேட்டிருந்தால் தந்திருப்பாள்."